மோசின் நாகாந்த் ரைபிளில் படிந்துள்ள பழைய காப்பு கிரீஸை நீக்குதல்: வெந்நீரா, கரைப்பானா?

ஏரிக்கரை (ஒகையோ) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து மோசின் நாகாந்த் 91/30 ரைபிள் ஒன்றை அண்மையில் வாங்கினேன். மரப்பெட்டியிலிருந்து எடுத்த நாளில் இருந்தபடியே, ஒரு துணி கூடப் படாமல் அவர் அதை வைத்திருந்தார். இஷெவ்ஸ்க் ஆலையின் முத்திரையும் 1943 என்ற ஆண்டும் குழலின் பின்பகுதியில் தெளிவாக உள்ளன. போருக்குப் பிறகு சோவியத் கிடங்கில் சீரமைக்கப்பட்டதைக் குறிக்கும், சாய்கோடு இட்ட சிறு கட்டமும் அருகிலேயே இருக்கிறது. மரக்கட்டை, பூட்டுத்தண்டு (போல்ட்), தோட்டாப் பெட்டி ஆகியவற்றில் உள்ள எண்கள் குழலின் எண்ணோடு பொருந்துகின்றன.

கிரீஸ்தான் சிக்கல். வெளிப்புறத்தில் அது கருப்பட்டிப் பாகு போல வழவழப்பாக இருக்கிறது. இடுக்குகளிலோ இறுகி, நகத்தால் சுரண்டினால் சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. குழலுக்குள் வெளிச்சம் தெரியவில்லை. போல்ட்டை இழுத்தால் மெதுவாக வருகிறது, விட்ட இடத்திலேயே நின்றுவிடுகிறது.

பெட்ரோலில் ஊறவை என்கிறார் ஒருவர். அடுப்பில் வை என்கிறார் இன்னொருவர். கட்டையைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடு என்று சொன்னவரும் உண்டு. வெளியே பனி கொட்டிக் கிடப்பதால், வேலை முழுவதையும் வீட்டின் அடித்தளத்தில்தான் செய்தாக வேண்டும். எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு தூரம் பிரிப்பது, மரத்தை என்ன செய்வது என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

டெக்சஸ் வெயில் எழுதியது:

வணக்கம் நண்பரே. முதலில், பெட்டிப் பொருள்தானே, வெறுமையாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். போல்ட்டைத் திறந்து தோட்டா அறையையும், அடித்தட்டைத் திறந்து தோட்டாப் பெட்டியையும் கண்ணால் பாருங்கள். அறை முழுவதும் கிரீஸ் அடைத்திருந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. சிறு விரலை விட்டுத் தொட்டுப் பாருங்கள்.

பிறகு வெப்பம். காஸ்மோலின் என்னும் இந்தக் காப்பு கிரீஸ் 45 முதல் 52 டிகிரி செல்சியசுக்குள் உருகத் தொடங்கிவிடும். எங்கள் ஊரில் கோடை நண்பகலில் பூட்டிய காருக்குள் அந்தச் சூடு தானாகவே கிடைக்கிறது. இரும்புப் பாகங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, கருப்புப் பைக்குள் இட்டு, முனை கீழே இருக்கும்படி சாய்த்து வைத்தால் மாலைக்குள் பெரும்பகுதி வடிந்து தாளில் ஊறிவிடும். வடியாமல் நிற்கும் மெல்லிய படலத்துக்கு மட்டும் மினரல் ஸ்பிரிட்ஸ் என்னும் பெட்ரோலியக் கரைப்பான் போதும். கரைப்பானை வாளி வாளியாகச் செலவழிப்பவர்கள் பெரும்பாலும் வெப்பத்தின் வேலையைத் திரவத்திடம் ஒப்படைப்பவர்களே.

---

கடைசல்காரர் எழுதியது:

டெக்சஸ் நண்பர் வெப்பத்தை முதலில் வைத்தது சரி. ஆனால் ஏரிக்கரை நண்பரின் துப்பாக்கியில் இருப்பது காஸ்மோலின் அன்று. காஸ்மோலின் என்பது பிலடெல்பியாவில் 1865இல் தொடங்கப்பட்ட ஹௌட்டன் நிறுவனத்தின் சரக்கு. தொடக்கத்தில் புண்களுக்கு மருந்துக் களிம்பாக விற்கப்பட்டு, பின்னர் அமெரிக்கப் படையின் துருக்காப்புப் பூச்சாக மாறியது. எம்1 காரண்ட் போன்ற அமெரிக்கத் துப்பாக்கிகளில் இருப்பது அந்த வகை. உபரித் துப்பாக்கியில் ஒட்டியிருக்கும் எந்தப் பழுப்புப் பசையையும் அப்பெயராலேயே அழைக்கும் வழக்கம் இங்கு வேரூன்றிவிட்டது.

சோவியத் கிடங்குகளில் பூசப்பட்டது ரஷ்யர்கள் பீரங்கி மசகு என்று அழைக்கும் பொருள். பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் களிம்பைச் செரசின் என்னும் கனிம மெழுகால் தடிப்பாக்கிச் செய்வார்கள். அது சொட்டத் தொடங்கும் வெப்பம் 60 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது அதன் தர விதி. வெயிலில் வைத்த காரில் காஸ்மோலின் ஓடிவிடும் இடத்தில் இது வெறுமனே இளகி நிற்பதற்குக் காரணம் இதுதான். பல பத்தாண்டுகள் கிடந்ததில் எண்ணெய்ப் பகுதி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி, மெழுகுப் பகுதி மட்டும் மிஞ்சியிருக்கும். நகத்தில் சில்லாகப் பெயர்வது அந்த மிச்சமே.

ஆகவே இரும்புக்கு என் பரிந்துரை கொதிநீர். ஆனால் முழுவதும் பிரித்த பிறகுதான். மோசினில் அது கடினமான வேலை அன்று. விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு போல்ட்டைப் பின்னே இழுத்தால் அது கையோடு வந்துவிடும். துப்புரவுக் கம்பியை மறைசுழற்றி எடுங்கள். குழலைக் கட்டையோடு பிடித்திருக்கும் இரண்டு வளையங்களையும் அவற்றின் வில்தகட்டை அழுத்தி முன்னே நகர்த்தி, மேல்மரத்தைத் தூக்கிவிடுங்கள். பின்புற வாலில் மேலிருந்து இறங்கும் திருகாணி ஒன்று, தோட்டாப் பெட்டிக்கு முன்னால் கீழிருந்து ஏறும் திருகாணி ஒன்று, ஆக இரண்டையும் கழற்றினால் குழலும் ரிசீவரும் (போல்ட் ஓடும் இரும்பு உடல்) தனியாகவும் தோட்டாப் பெட்டி தனியாகவும் பிரிந்துவிடும். திருகாணிகளின் காடியில் கிரீஸ் அடைத்திருக்கும். அதைக் குச்சியால் தோண்டி எடுத்துவிட்டு, காடியின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியை மட்டுமே பயன்படுத்துங்கள். காடி சிதைந்த திருகாணியோடு விற்பனைக்கு வரும் மோசின்களைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும்.

கொதிநீரில் இடுவதற்கு முன், கையில் அள்ளக்கூடியதை எல்லாம் மரக் கரண்டியாலும் தாளாலும் வழித்து எடுத்துவிட வேண்டும். சிறு பாகங்களுக்குச் சமையலுக்கு இனிப் பயன்படாத ஒரு பானை போதும். குழல் நீளமானது, எந்தப் பானையிலும் அடங்காது. கூரைநீர் வடிவதற்கு விற்கும் நாகத்தகட்டுக் கால்வாயை வாங்கி, இரு முனைகளையும் அடைத்துத் தொட்டியாக்கிக் கொள்ளலாம். பிளாஸ்டிக் கால்வாயோ பிவிசி குழாயோ கொதிநீரில் தளர்ந்துவிடும், எனவே வேண்டாம். நீரின் மேல் கிரீஸ் மிதக்கும். அதை வழித்தெடுக்காமல் பாகத்தை மேலே தூக்கினால், உருகிய கிரீஸ் அத்தனையும் மீண்டும் அதன் மேல் ஒட்டிக்கொண்டு வரும். மிதப்பதை முதலில் அள்ளி எறியுங்கள், பிறகு தூக்குங்கள்.

---

ஏரிக்கரை எழுதியது:

விரிவான பதிலுக்கு மிக்க நன்றி ஐயா. எண்பது ஆண்டுகளாகத் துருவே படாமல் இருந்த இரும்பைத் தண்ணீரில் முக்குவதற்குத்தான் மனம் வரவில்லை. வெந்நீரில் முக்கியெடுத்தால் துருப்பிடிக்காதா? மேலும், என் அடித்தளத்தில் ஒரு மேசையும், எரிவாயு வெந்நீர்க் கொதிகலனும், மேலே ஒரு சிறு சன்னலும் மட்டுமே உள்ளன. இந்த வேலைக்கு அந்த இடம் போதுமா?

---

முன்னாள் ஹவில்தார் எழுதியது:

தம்பி, துப்பாக்கிக் குழலுக்குள் கொதிநீர் ஊற்றுவது புதுப் பழக்கம் அன்று. பழைய .303 தோட்டாக்களின் தீப்பொறி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்த பின் குழலில் உப்பு படியும். உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். ஆகவே சுட்ட பின் புனல் வைத்துக் கொதிநீரை ஊற்றி, புல்த்ரூ கயிற்றில் பிளானல் துணியைக் கோத்து இழுத்து, உலர்ந்த பிறகு எண்ணெய் இடுவார்கள். நீர் நன்றாகக் கொதித்திருக்க வேண்டும் என்பதே முக்கியம். கொதிநீரில் இருந்த இரும்பு கை பொறுக்காத சூட்டில் வெளியே வரும். அந்தச் சூடே ஈரத்தை விரட்டிவிடும். வெதுவெதுப்பான நீர்தான் கெடுதல் செய்யும். கிரீஸையும் முழுதாக உருக்காது, இரும்பையும் உலர விடாது.

இதே வேலையை லீ என்பீல்ட் என்னும் பிரிட்டிஷ் வகை ரைபிளில் செய்ய நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி சொல்கிறேன். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ஆலையில் 1960களில் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்காகச் செய்யப்பட்ட 2ஏ1 ரைபிள்கள் பின்னாளில் உபரியாகி அமெரிக்கச் சந்தைக்கு நிறையவே வந்தன. நம் பிள்ளைகள் சிலர் அதையும் வாங்குகிறார்கள். மோசினைப் பிரிப்பது போல அதைப் பிரித்துவிடாதீர்கள். அதன் பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீண்ட போல்ட்டின் முனை சதுரமானது. அது முன்கட்டையின் பின்புறத்தில் உள்ள தகட்டுக்குள் பொருந்தி நிற்கும். முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டைப் போல்ட்டைத் திருகினால் சதுர முனை சுழன்று முன்கட்டையைப் பிளந்துவிடும். முன்கட்டையையும் தேவையின்றிக் கழற்றக் கூடாது. ரிசீவரோடு அது இறுக்கமாக உட்கார்ந்திருப்பதைப் பொறுத்தே குறி நேராக அமையும். கழற்றாமல் செய்ய முடிந்ததை முதலில் செய்யுங்கள்.

---

டெக்சஸ் வெயில் எழுதியது:

ஹவில்தார் ஐயாவின் சொல்லை மறுக்கவில்லை. ஆனாலும் குழலுக்குள் ஊற்றுவது வேறு, துப்பாக்கி முழுவதையும் நீரில் அமிழ்த்துவது வேறு. பின்குறியின் அடித்தளம், விசையின் வில்தகடு, முன்குறியின் மூடி ஆகிய இடங்களில் இரண்டு இரும்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. அங்கே நுழைந்த நீர் சூட்டில் முழுவதும் ஆவியாகிவிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கிரீஸ் போன இரும்பில் அரைநாள் ஈரம் நின்றாலே செம்மை தட்டிவிடும். மினரல் ஸ்பிரிட்ஸ் அந்த இடுக்குகளுக்குள் நுழைந்து கிரீஸைக் கரைத்து வெளியே வரும், துருவையும் தூண்டாது. சுவர்த்தாள் ஒட்டுபவர்கள் பசை நனைக்க வைத்திருக்கும் நீண்ட தட்டு ஒன்றை வாங்கினால் குழலைக் கிடத்தி ஊறவைக்க உதவும்.

---

கடைசல்காரர் எழுதியது:

இரண்டையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை. கனமான படிவுக்குக் கொதிநீர், இடுக்குக்குக் கரைப்பான் என்று அடுத்தடுத்துச் செய்தால், பின்னதே முன்னதன் ஈரத்தையும் ஓரளவு அடித்து வெளியேற்றிவிடும். நீரிலிருந்து எடுத்ததும் அழுத்தக் காற்று இருந்தால் ஊதுங்கள். இல்லாவிட்டால் தலைமயிர் உலர்த்தியே போதும். பிறகு மினரல் ஸ்பிரிட்ஸ் நனைத்த நைலான் தூரிகையால் மூலைகளைத் தேய்த்துத் துடைத்து, அன்றே, அதே அமர்வில், எண்ணெய் பூசிவிடுங்கள். நீலக்கருப்புச் சாயம் ஏற்றிய இரும்பு துருப்பிடிக்காது என்று சிலர் எண்ணுகிறார்கள். அந்தச் சாயத்தின் காப்பு மிகச் சொற்பம். அது எண்ணெயைப் பிடித்துக்கொள்ள உதவும், அவ்வளவே.

இப்போது முக்கியமானது: ஏரிக்கரை நண்பரே, உங்கள் அடித்தளத்தில் எரிவாயுக் கொதிகலன் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் சிறு சுடர் ஒன்று எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கலாம்; இல்லாவிட்டாலும், தேவைப்படும்போது தானே பற்றிக்கொள்ளும். அந்த அறையில் எந்தக் கரைப்பானையும் திறக்காதீர்கள். பெட்ரோலின் ஆவி, உறைபனிக்கும் வெகு கீழான குளிரிலேயே தீப்பற்றக்கூடியது. காற்றைவிடக் கனமானதாகையால் தரையோடு ஊர்ந்து சென்று சுடரைத் தேடிப்பிடிக்கும். பெட்ரோலில் ஊறவைக்கச் சொன்னவரின் பேச்சை மறந்துவிடுங்கள். மண்ணெண்ணெயும் மினரல் ஸ்பிரிட்சும் ஏறத்தாழ 40 டிகிரியை எட்டிய பிறகே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடுகின்றன என்பதால் பாதுகாப்பு சற்றுக் கூடுதல். ஆயினும் கதவு திறந்த வண்டிக் கொட்டகையே அவற்றுக்கு உரிய இடம். கொதிநீர் வேலையை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் கொதிநீரை நான் முதலில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காரின் பிரேக்கைத் துப்புரவு செய்யும் தெளிப்பானைச் சிலர் புகழ்வார்கள். விரைவாக வேலை செய்யும், உண்மை. ஆனால் ஒரு துளி கட்டையின் மேல் தெறித்தால் மெருகு போய்விடும். அதில் குளோரின் சேர்ந்த வகையும் உண்டு. அது படிந்த இரும்பை உலையிலோ பற்றவைப்புச் சுடரிலோ காட்டினால் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகும். சூட்டையும் கரைப்பானையும் மாறி மாறிப் பயன்படுத்தும் இந்த வேலைக்கு அது ஆகாது.

---

எஸ்கேஎஸ் வைத்திருப்பவர் எழுதியது:

இந்த இழையை எஸ்கேஎஸ் என்னும் சோவியத் வடிவ ரைபிளின் உரிமையாளர்களும் படிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். யுகோஸ்லாவியாவின் எம்59/66 முதலான பெரும்பாலான எஸ்கேஎஸ் துப்பாக்கிகளில் சுடும் ஊசிக்கு வில் கிடையாது. போல்ட்டுக்குள் அது தன்போக்கில் முன்னும் பின்னும் நகரும். இறுகிய கிரீஸ் ஊசியை முன்னே நீட்டியபடியே பிடித்து வைத்தால், போல்ட் மூடும் வேகத்திலேயே தோட்டா வெடிக்கும். விசையில் விரல் வைக்காமலே வெடிக்கும். பெட்டி முழுவதும் தீரும் வரை அடுத்தடுத்து வெடிக்கவும் கூடும். வெளியே பளபளவென்று துடைத்து, போல்ட்டைப் பிரிக்காமல் சுடுதளத்துக்குக் கொண்டு போவது எஸ்கேஎஸ் விஷயத்தில் பேராபத்து.

போல்ட்டின் பின்புறத்தில் உள்ள குறுக்கு ஆணியைத் தட்டி எடுத்து, ஊசியை வெளியே கொண்டுவந்து, ஊசிப் பாதையை ஈரம் போலத் தோன்றும் எதுவும் மிஞ்சாதபடி துடைக்க வேண்டும். மீண்டும் பூட்டிய பின் போல்ட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினால் ஊசி கடகடவென்று ஆட வேண்டும். ஆடாவிட்டால் சுடக் கூடாது. அந்தப் பாதைக்குள் எண்ணெய் பூசுவதும் வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்து மீண்டும் பசையாகிவிடும்.

---

கடைசல்காரர் எழுதியது:

மிகத் தேவையான எச்சரிக்கை. மோசினின் ஊசிக்கு வலுவான வில் உண்டு, எனவே இந்த வகை ஆபத்து இல்லை. அங்கே நேர்வது வேறு. போல்ட்டுக்குள் கிரீஸ் அடைத்திருந்தால் ஊசி தாமதமாகவும் மெதுவாகவும் பாயும்; தோட்டா வெடிக்காமல் போகும், அல்லது விசையை அழுத்திச் சற்று நேரம் கழித்து வெடிக்கும். ஒகையோவின் குளிரில் கிரீஸ் இன்னும் கெட்டிப்படும்.

போல்ட்டைப் பிரிக்க எந்தக் கருவியும் வேண்டாம். பின்புறக் குமிழைப் பின்னே இழுத்து இடப்பக்கம் திருப்பி விட்டால் தலைப்பகுதியும் அதைத் தாங்கும் பட்டையும் முன்னே நழுவி வரும். பிறகு குமிழை மறைசுழற்றி ஊசியையும் வில்லையும் எடுக்கலாம். எடுப்பதற்கு முன், ஊசியின் பின்முனையில் உள்ள கோடும் குமிழில் உள்ள கோடும் எப்படி நேராக நிற்கின்றன என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது அதே நிலைக்கு வர வேண்டும். அதைச் சரிபார்க்கத்தான் மோசினோடு வரும் திருப்புளித் தகட்டில் 75, 95 என்று எண்ணிட்ட இரண்டு வெட்டுகள் இருக்கின்றன. அவை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிப்பவை. அதாவது ஏறத்தாழ 1.9 மில்லிமீட்டரும் 2.4 மில்லிமீட்டரும். போல்ட் முகத்துக்கு வெளியே நீளும் ஊசிமுனை 95 வெட்டுக்குள் தடையின்றிச் செல்ல வேண்டும், 75 வெட்டில் தட்ட வேண்டும். குறைவாக நீண்டால் தோட்டா வெடிக்காது. கூடுதலாக நீண்டால் தோட்டாவின் அடியைத் துளைத்து, சூடான வாயு முகத்தை நோக்கி வரும். கிரீஸ் நீக்குவதற்காகப் பிரித்த போல்ட்டை இந்த அளவு பார்க்காமல் பூட்டுவதைவிடப் பிரிக்காமலே விட்டிருக்கலாம்.

---

அருங்காட்சியகக் காப்பாளர் எழுதியது:

இரும்பைப் பற்றிப் போதிய அளவு பேசியாகிவிட்டது. கட்டையைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் திரும்பப் பெற முடியாத சேதம் பெரும்பாலும் அங்குதான் நிகழ்கிறது.

சீரமைக்கப்பட்ட மோசின்களின் கட்டையில் செம்பழுப்பாக மின்னுவது ஷெல்லாக், அதாவது அரக்கு மெருகு. அரக்கு சாராய வகைத் திரவங்களில் கரையும், சூட்டில் இளகும், நீராவி பட்டால் வெளுத்துவிடும். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் எதைச் செய்யலாகாது என்பது தானே விளங்கும். ஸ்பிரிட், அசிட்டோன், கொதிநீர், நீராவி, அடுப்பு, பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகிய எதுவும் கட்டையின் அருகே வர வேண்டாம். அடுப்பைக் கழுவ விற்கும் காரத் தெளிப்பானைக் கொண்டு கிரீஸையும் மெருகையும் ஒன்றாக உரித்தெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காரம் மரநாரையே அரித்துக் கருமையாக்கும்.

மினரல் ஸ்பிரிட்ஸ் அரக்கைக் கரைக்காது. மென்மையான துணியில் அதைச் சிறிதளவு நனைத்து, கட்டையின் மேற்பரப்பில் உள்ள கிரீஸை இழையோட்டத்தின் திசையில் துடைத்து எடுங்கள். துணி அழுக்கானதும் மாற்றுங்கள். அழுக்குத் துணி கிரீஸை இடம் மாற்றுமே ஒழிய எடுக்காது. பெரும்பாலான மோசின்களுக்கு இவ்வளவே போதும், ஏனெனில் மெருகு பூசிய வெளிப்புறத்தில் கிரீஸ் ஆழமாக இறங்குவதில்லை. இறங்கியிருப்பது மெருகு பூசப்படாத உட்புறத்தில், அதாவது குழலும் ரிசீவரும் படியும் பள்ளத்தில். அங்கே சாக்கட்டிப் பொடியை மினரல் ஸ்பிரிட்சில் குழைத்துக் கனமாக அப்பி உலரவிட்டால், திரவம் ஆவியாகும்போது மரத்துக்குள் இருந்த எண்ணெயும் பொடிக்குள் ஏறிவிடும். உலர்ந்த பொடி மஞ்சளாகும். தட்டிவிட்டு மறுபடி அப்பலாம். மஞ்சள் குறைந்துகொண்டே வரும். முழுவெள்ளையாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உப்புத்தாள் போடாதீர்கள். கட்டையில் உள்ள ஆலை முத்திரைகளும், சீரமைப்பின்போது ஒட்டுப் போட்ட மரத்துண்டுகளும், கிடங்கில் குத்திய எண்களும் இந்தத் துப்பாக்கி கடந்து வந்த வழியைச் சொல்பவை. அவற்றைத் தேய்த்துவிட்டால், அழகான மரக்கட்டை ஒன்றுதான் மிஞ்சும். பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள்.

சுடும் எண்ணமே இல்லாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. துடைத்த இரும்பின் மேல் எண்ணெய்க்குப் பதிலாக நுண்படிக மெழுகை மெல்லியதாகப் பூசிவைக்கலாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடத்தில் 1950களில் உருவான ரினைசான்ஸ் மெழுகு இந்த வகையைச் சேர்ந்தது. அது தூசியைப் பிடிக்காது. கை பட்டாலும் ரேகை பதியாது.

---

ஏரிக்கரை எழுதியது:

காப்பாளர் ஐயாவுக்கு நன்றி. பழைய குப்பைத் தொட்டிக்குள் 100 வாட் குண்டு விளக்கைத் தொங்கவிட்டு, அந்தச் சூட்டில் கட்டையை நிறுத்தி வைத்தால் கிரீஸ் தானாக வியர்த்து வெளிவரும் என்று படித்தேன். அதையும் விட்டுவிட வேண்டுமா? கரைப்பான் வேலைக்கு அண்டை வீட்டுக்காரர் தம் வண்டிக் கொட்டகையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

---

டெக்சஸ் வெயில் எழுதியது:

அந்த முறை நல்ல முறைதான், ஆனால் ஆளிவிதை எண்ணெய் ஊறிய கட்டைகளுக்கு உரியது. காரண்ட், லீ என்பீல்ட் ஆகியவற்றின் மரத்துக்கு அரக்கு மேல்பூச்சு கிடையாது. கிரீஸ் நேராக உள்ளே இறங்கியிருக்கும். மிதமான சூட்டில் அது மணிமணியாக வெளியே வரும், துடைத்துக்கொண்டே இருக்கலாம். அரக்குக் கட்டைக்கு அந்தச் சூடு அபாயம். எங்கள் ஊர்க் காருக்குள் வைத்த மோசின் கட்டைகளில் செய்தித்தாளின் எழுத்துகள் பதிந்து நின்றதைக் கண்டிருக்கிறேன், ஆகவே என் முதல் பதிவில் இரும்புப் பாகங்கள் என்று மட்டும் எழுதினேன். கரைப்பானால் துடைத்த கட்டையை நன்றாக ஆவி போகும் முன் விளக்குத் தொட்டிக்குள் வைப்பது எந்த மரத்துக்கும் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். மூடிய தொட்டிக்குள் தீப்பற்றும் ஆவியும் கொதிக்கும் விளக்கும் ஒன்றாக இருக்கக் கூடாது.

ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காய்வதே காற்றோடு வினைபுரிந்து சூடாவதால்தான். சுருட்டிய துணியில் சூடு வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடிய தகரத்தில் போடுங்கள்.

---

ஏரிக்கரை எழுதியது:

வேலை பெரும்பாலும் முடிந்தது. குழலை நாகத்தகட்டுத் தொட்டியில் இட்டுக் கொதிநீர் ஊற்றியபோது, குழலுக்குள்ளிருந்து கிரீஸ் நீண்ட உருளையாக வழுக்கி வெளியே வந்தது. வரிப்பள்ளங்கள் கூர்மையாகவும் கருமையாகவும் இருக்கின்றன. துருக்குழி எங்கும் இல்லை. போல்ட்டைப் பிரித்துத் துடைத்துப் பூட்டினேன். ஊசிமுனை 95இல் நுழைகிறது, 75இல் தட்டுகிறது. கட்டையை மினரல் ஸ்பிரிட்சால் துடைத்ததோடு நிறுத்திவிட்டேன். உட்பள்ளத்துக்குச் சாக்கட்டிப் பொடி அப்பியிருக்கிறேன்.

இரண்டு ஐயங்கள் மீதம் உள்ளன. போல்ட் வெறுமையாக இருக்கும்போது இலகுவாக நகர்கிறது, ஆனால் வெடிமருந்து இல்லாத பயிற்சித் தோட்டாவை இட்டுப் பூட்டித் திறந்தால் பிடிமானம் தெரிகிறது. மேலும், அள்ளியெடுத்த கிரீஸையும் அழுக்குக் கரைப்பானையும் எங்கே கொட்டுவது?

---

கடைசல்காரர் எழுதியது:

இரண்டாவதற்கு முதலில் பதில். வீட்டுக் கழிநீர்க் குழாயில் எதையும் ஊற்றாதீர்கள். கொதிநீரோடு போகும் கிரீஸ் குழாயின் குளிர்ந்த பகுதியை எட்டியதும் இறுகி அடைத்துக்கொள்ளும். தொட்டி நீரை முழுவதும் ஆறவிட்டால் கிரீஸ் மேலே தகடாகக் கட்டிவிடும்; அதை எடுத்துத் தாளில் சுற்றுங்கள். கரைப்பானை மூடிய தகரத்தில் சில நாள் அசையாமல் வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்த கரைப்பானை வடித்து அடுத்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். கசடையும் கிரீஸையும் உங்கள் கவுண்டி நிர்வாகம் வீட்டு அபாயக் கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் நாளில் ஒப்படைத்துவிடுங்கள்.

போல்ட் பிடிப்பது மோசினில் எல்லோரும் சொல்லும் குறை. எஃகுத் தோட்டாக்களின் அரக்குப்பூச்சு உருகி ஒட்டுகிறது என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். என் கணிப்பில், பெரும்பாலும் தோட்டா அறையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிப் படலமாக ஒட்டியிருக்கும் பழைய கிரீஸே காரணம். குழல் தூரிகை அறையைவிட மெலிந்தது, எனவே சுவரைத் தொடாமலே போய்வந்துவிடும். 20 கேஜ் வேட்டைத் துப்பாக்கிக்கான வெண்கலத் தூரிகையை மினரல் ஸ்பிரிட்சில் நனைத்து, குறுந்தண்டில் பொருத்தி, பின்புறமிருந்து அறைக்குள் செலுத்திச் சுழற்றுங்கள். துளைப்பான் இயந்திரத்தில் பூட்டினால் மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். பிறகு துணியால் துடையுங்கள்; துணி பழுப்பாக வருவது நிற்கும் வரை மீண்டும் செய்யுங்கள். ரிசீவருக்குள் போல்ட்டின் காதுகள் பூட்டிக்கொள்ளும் குழிவும் கண்ணுக்கு மறைவாக உள்ளது. பல்துலக்கும் தூரிகையின் தலையை வளைத்து உள்ளே விட்டால் அங்கிருந்தும் ஒரு கட்டி கிரீஸ் வரும்.

---

முன்னாள் ஹவில்தார் எழுதியது:

கடைசல்காரர் சொன்னபடி அறையைத் துடைத்த பின் அதில் எண்ணெயை மிச்சம் வைக்காதே தம்பி. தோட்டா வெடிக்கும்போது அதன் உறை விரிந்து அறையின் சுவரைப் பற்றிக்கொள்ள வேண்டும். சுவர் வழுக்கினால் வெடிப்பின் உந்துதல் முழுவதும் போல்ட்டின் மேல் பாயும். குழலிலும் அப்படியே. கிடங்கில் வைக்க எண்ணெய் பூசு, சுடப் போகும் நாளில் உலர்ந்த துணியை இரண்டு முறை ஓட்டி எடு. இது இன்னொருவர் கையிலிருந்து வந்த ரைபிள் ஆகையால், முதல் தோட்டாவுக்கு முன் துப்பாக்கிப் பணியாளர் ஒருவரிடம் கொடுத்து, போல்ட்டுக்கும் அறைக்கும் உள்ள இடைவெளியை அளவுக்கட்டையால் பார்த்துவிடச் சொல்.

---

ஏரிக்கரை எழுதியது:

பல்துலக்கும் தூரிகையில் வந்த கட்டி சுண்டுவிரல் நுனி அளவு இருந்தது ஐயா. அறையிலிருந்து வந்த துணி முதலில் பழுப்பாகவும் பிறகு மெல்ல வெளிறியும் வந்தது. இப்போது பயிற்சித் தோட்டாவோடும் போல்ட் ஒரு விரலால் திறக்கிறது. இடைவெளி அளவு பார்ப்பதற்கு உள்ளூர்ப் பணியாளரிடம் நாள் வாங்கியிருக்கிறேன்.